“இரண்டும் கொடுக்கிறோம்”: கலிபோர்னியாவில் ஒரு மெக்சிகத் தாயின் பாலூட்டல் – நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு 2023ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் நடந்தது. தாயின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மார்கள் புட்டிப்பாலை நாடுவதற்கு “அவர்கள் பண்பாடு அப்படி” என்று எளிதாகக் காரணம் சொல்லிவிடும் வழக்கம் எங்கள் பாலூட்டல் ஆலோசனைத் துறையில் உண்டு. இந்த ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான பண்பாடு இருந்தது. அதைவிட வலுவாக, வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒரு தேதியும் இருந்தது.

பின்னணி

தாய்க்கு வயது 23, இது முதல் குழந்தை. மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஒன்பது வயதில் சித்தியுடன் ஃப்ரெஸ்னோ கவுன்ட்டிக்கு வந்தவர். பள்ளிப்படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில், வீட்டுப் பேச்சு ஸ்பானிய மொழியில். பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் கூடத்தில் வேலை. குளிர்காலத்தில் ஆரஞ்சு, கோடையில் பீச்சும் பிளம்மும். எட்டாம் மாதம் வரை நின்றபடியே வேலை செய்திருக்கிறார்.

வீட்டில் கணவர், மாமியார், நாத்தனார், நாத்தனாரின் இரண்டு பிள்ளைகள், கணவரின் தம்பி. இரண்டு படுக்கையறைகள். அவர்களில் சிலரிடம் குடியேற்ற ஆவணங்கள் இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் அவர் எங்களிடம் தாமதமாக வந்ததற்குக் காரணம். விக் எனப்படும் மத்திய அரசின் தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டத்தில் அவர் பதிவு செய்தது எட்டாம் மாதத்தில். அரசிடம் உதவி வாங்கினால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்ற பேச்சு 2019இல் வந்த விதி மாற்றத்தோடு இந்தப் பகுதி முழுவதும் பரவியிருந்தது. அந்த விதி விக் திட்டத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2021இல் விதியும் கைவிடப்பட்டது. பயம் மட்டும் கைவிடப்படவில்லை.

பதிவுப் படிவத்தில் “குழந்தைக்கு எப்படிப் பால் கொடுக்க உத்தேசம்?” என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் “லோஸ் தோஸ்”, அதாவது தாய்ப்பால், புட்டிப்பால் இரண்டும். இங்கே லத்தீனா தாய்மார்களிடம் மிக அதிகமாகக் கேட்கும் பதில் இதுதான். அமெரிக்காவில் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி மரபுடைய தாய்மார்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குகிறார்கள். தொடங்குவதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. முதல் இரண்டு நாட்களுக்குள் புட்டியும் கூடவே வந்து சேர்வதில்தான் வேறுபாடு.

வீட்டில் யார் என்ன சொன்னார்கள்

தாயின் அம்மா இன்னமும் மிச்சோவாகான் கிராமத்தில்தான் இருக்கிறார். ஆறு பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ இரண்டு வயது வரை தாய்ப்பால் கொடுத்தவர். தினமும் வாட்ஸ்அப் காணொளியில் வருவார். அவரைப் பொறுத்தவரை புட்டி என்பது பால் வற்றியவர்களுக்கான பொருள்.

மாமியாரும் அதே மாநிலம், ஆனால் சமோரா நகரம். ஸ்ட்ராபெரி பதப்படுத்தும் ஆலையில் இளமையில் வேலை செய்தவர். பிரசவமானபோது சமூகக் காப்பீட்டு மருத்துவமனை பால் மாவு டப்பாக்களைக் கையில் கொடுத்து அனுப்பியது என்றார். மெக்சிகோவின் சமூகக் காப்பீட்டுச் சட்டத்திலேயே பாலூட்டும் காலத்துக்கு ஆறு மாதப் பொருளுதவி என்று ஒரு பிரிவு உண்டு. நடைமுறையில் அது பல காலம் பால் மாவாகவே வந்தது. ஆகவே டப்பா என்பது அவருக்கு நகரத்தின், நிலையான வேலையின், மருத்துவர் சொல்லின் அடையாளம். “பழைய வழக்கத்தில் ஊறியவர்” என்று அவரைக் குறிப்பேட்டில் எழுதுவது உண்மைக்கு நேர்மாறாக இருந்திருக்கும். மெக்சிகோவில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தைகளின் விகிதம் 2012ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் 14.4 சதவீதம்தான், 2018இல் 28.6. தாய்நாட்டு வழக்கத்தை இங்கே வந்து இழக்கிறார்கள் என்று சொல்வதற்கு முன் இந்த எண்களைப் பார்த்துவிட வேண்டும்.

நாத்தனார் அமெரிக்காவில் பிறந்தவர். இரண்டு பிள்ளைகளுக்கும் புட்டிதான். பேக்கிங் கூடத்தில் கழிப்பறைக்குள் நின்று பால் பீய்ச்சிய ஒருத்தியைப் பார்த்திருக்கிறார். அந்த அவமானம் தனக்கு வேண்டாம் என்பது அவர் முடிவு.

குழந்தை கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிரசவமும் முதல் இரண்டு நாட்களும்

மார்ச் முதல் வாரம், சுகப்பிரசவம். ஆண் குழந்தை, எடை 3,420 கிராம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மார்பைப் பற்றிக் குடித்தது.

அன்று இரவு குழந்தை விடாமல் அழுதது. படிவத்தில் “இரண்டும்” என்று இருந்ததால், கேட்டவுடன் புட்டி வந்தது. குழந்தை ஒரே மூச்சில் 40 மில்லி குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கியது. அருகில் இருந்த மாமியாருக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முதல் 24 மணி நேரத்தில் சீம்பால் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான் வரும். பிறந்த குழந்தைக்கு அது போதும். அதைச் சொல்ல அந்த இரவில் யாரும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது காலியான புட்டியும் தூங்கும் குழந்தையும். “உனக்குப் பால் இன்னும் வரவில்லை, மகளே” என்ற வாக்கியம் அப்போதே வீட்டின் முடிவாகிவிட்டது.

இன்னொன்று சிறியது, ஆனால் குறிக்கத் தக்கது. படுக்கையருகே வைத்த கூஜாவில் பனிக்கட்டி போட்ட தண்ணீர் இருந்தது. பிள்ளை பெற்றவள் குளிர்ச்சியைத் தொடக் கூடாது என்பதால் அவர் பெரும்பாலும் குடிக்காமலே இருந்திருக்கிறார். வேறு தண்ணீர் கேட்கவும் கூச்சம்.

வீடு திரும்பும்போது எடை 3,200 கிராம், அதாவது 6.4 சதவீத இழப்பு. இயல்பான அளவுதான்.

குவாரென்தேனா

மெக்சிகக் குடும்பங்களில் பிரசவத்துக்குப் பின் நாற்பது நாள் ஓய்வு உண்டு. குவாரென்தேனா என்பார்கள். தலையையும் முதுகையும் மூடிக்கொள்வது, வயிற்றில் துணிக்கட்டு, கோழி சூப், மக்காச்சோள மாவில் காய்ச்சிய அதோலே கஞ்சி, குளிர்ச்சி விலக்கு. பத்தியச் சமையலும் தலைக்கு ஊற்றும் நாளும் தெரிந்த வாசகருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஓய்வு பாலூட்டலுக்கு எவ்வளவோ நல்லது. சமையலும் துணி துவைப்பதும் தாயின் தலையில் விழவில்லை. ஆனால் அன்பின் பேரிலேயே இன்னொன்றும் நடந்தது. தாய் தூங்கட்டும் என்று இரவில் குழந்தையை மாமியார் தன் அறைக்குத் தூக்கிச் சென்றார். இரவு 11 முதல் காலை 6 வரை புட்டி. பால் சுரப்பு உறுதிப்படும் முதல் வாரங்களில், அதிலும் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் உச்சத்தில் இருக்கும் இரவு நேரத்தில், மார்பு ஏழு மணி நேரம் காலியாகாமல் கிடந்தது. பகலிலும் கணவரின் தம்பி வரவேற்பறையில் இருந்தால் தாய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பால் கொடுக்க வேண்டும். புட்டியை எங்கே உட்கார்ந்தும் கொடுக்கலாம்.

பதினோராம் நாள்: கண்டவை

பதினோராம் நாள் தாய், மாமியார், குழந்தை மூவரும் எங்கள் விக் மையத்துக்கு வந்தார்கள். குழந்தையின் எடை 3,180 கிராம். பிறந்த எடையை எட்டவில்லை என்பதோடு, வீடு திரும்பிய நாளை விடவும் குறைவு. பகலில் ஈர டயப்பர் நான்கு. புட்டிப்பாலும் குடிக்கும் குழந்தை இப்படி இளைத்தது எங்களுக்குக் கவலை தந்தது.

காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மருத்துவமனையில் கொடுத்த டப்பா தீரப்போகிறது என்று, மாமியார் இரண்டு கரண்டி மாவு போட வேண்டிய தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கியிருந்தார். கெட்டியான பால் மலச்சிக்கல் தரும் என்ற எண்ணமும் கூட. வாயுத் தொல்லைக்காக மன்சனில்யா என்னும் சீமைச்சாமந்தித் தேநீர் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 50 மில்லி. இரண்டும் சேர்ந்து குழந்தையின் வயிற்றைத் தண்ணீரால் நிரப்பியிருக்கின்றன.

ஒன்பதாம் நாள் ஒரு சண்டை. ஆறாம் வாரம் வேலைக்குத் திரும்பவில்லையென்றால் வாடகைக்கு என்ன செய்வது என்று கணவர் கேட்க, தாய் அழுது கத்தியிருக்கிறார். கோபமோ அதிர்ச்சியோ கொண்ட தாயின் பால் குழந்தைக்கு ஆகாது, வயிற்றுக்குக் கேடு என்பது மெக்சிகோவில் பரவலான நம்பிக்கை. கொராஹே என்று அந்தக் கோபத்தைச் சொல்வார்கள். மாமியார் அன்று மாலையிலிருந்து மார்பில் போட விடவில்லை. எங்களிடம் வந்தபோது தாயின் இரண்டு மார்பும் பால் கட்டிக் கல்லாக இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் அவசரமானது. நீர்த்த பால் குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோகலாம். அன்றே குழந்தை மருத்துவரிடம் அனுப்பினோம். சோடியம் இயல்பாக இருந்தது. கரண்டிக் கணக்கை மாமியார் கையாலேயே கலக்க வைத்துக் காட்டினோம். டப்பா தீர்ந்தால் மிச்சம் பிடிக்கத் தேவையில்லாதபடி, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுப்போருக்கு விக் தரும் அளவு பால் மாவுக்கு ஏற்பாடு செய்தோம். புட்டியை அந்த நாளில் முற்றிலும் நிறுத்தச் சொல்வது குழந்தைக்கு ஆபத்து, குடும்பத்தோடு போர்.

அடுத்து, பால் இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டியிருந்தது. மார்பைக் கையால் இளக்கி, குழந்தையைப் பற்ற வைத்து, பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அதே உடையோடு நுண்ணிய தராசில் நிறுத்தோம். எண்ணை வாசிக்கும் வேலையை மாமியாரிடம் கொடுத்தோம். 46 கிராம் கூடியிருந்தது. அவர் மீண்டும் ஒருமுறை நிறுக்கச் சொன்னார், அதே எண். மருத்துவமனையில் குடித்த புட்டியைவிட அதிகம் என்று அவரே சொன்னார். நாங்கள் தயாராக வைத்திருந்த விளக்கப் படங்களை எடுக்கவே இல்லை.

கொராஹே விஷயத்தில் எங்கள் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அது தவறான நம்பிக்கை, தவறு என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றார் ஒரு சக ஊழியர். நான் உடன்படவில்லை. அந்தக் கோபத்துக்கு ஊரில் என்ன பரிகாரம் என்று மாமியாரிடமே கேட்டோம். முதலில் வரும் பாலைக் கொஞ்சம் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, மனம் அடங்கிய பிறகு கொடுக்கலாம் என்றார். அது எங்களுக்குப் போதும். மன உளைச்சலில், பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் வெளிப்படுவது தடைப்பட்டு, மார்பில் பால் இருந்தும் இறங்கத் தாமதமாகும் என்பது உடலியல் உண்மை. ஆகவே, சண்டைக்குப் பிறகு உட்கார்ந்து வெதுவெதுப்பாக எதையாவது குடித்து, கையால் சில சொட்டுப் பீய்ச்சிவிட்டு, உடனே குழந்தையைப் போடலாம் என்று முடிவானது. ஒரு நாளுக்கும் மேலான நிறுத்தம் கால் மணி நேரமாகச் சுருங்கியது. சில சொட்டுப் பால் போவதில் எந்த நட்டமும் இல்லை. நம்பிக்கைக்கு நாங்கள் சான்றிதழ் கொடுத்துவிட்டோம் என்று அந்த ஊழியர் இன்னமும் சொல்கிறார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு.

சீமைச்சாமந்தித் தேநீரைத் தாய் குடிக்கட்டும், குழந்தைக்குப் பாலிலேயே வரட்டும் என்றது எங்கள் சக தாய் ஆலோசகர். அவரும் மெக்சிகப் பெண், முன்பு அதே போன்ற கூடத்தில் வேலை செய்தவர். விக் திட்டத்தில் 2004 முதல் இப்படித் தாய்மார்களையே ஆலோசகர்களாக நியமிக்கிறார்கள். இந்த யோசனையை நான் சொல்லியிருந்தால் தந்திரமாகத் தெரிந்திருக்கும். ஊரில் உள்ள அம்மாவைக் காணொளியில் இணைக்கலாம் என்றும் பேசினோம். மாமியார் முன்னால் அது அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று கைவிட்டோம். பிறகு தெரிந்தது, அந்த அம்மாவும் தன் ஆறு பிள்ளைகளுக்கும் மூலிகைத் தேநீர் கொடுத்தவர்தான்.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு வேளையும் முதலில் இரண்டு மார்பிலும் கொடுப்பது, நாளுக்கு மூன்று வேளை மட்டும் அதற்குப் பின் 30 மில்லி சரியாகக் கலந்த பால், எடை ஏறினால் அதையும் குறைப்பது. இரவில் குழந்தை தாயின் அறையில். பாலூட்டி முடித்த பிறகு தூக்கி வைத்துக்கொள்வதும் உடை மாற்றுவதும் மாமியார்.

வேலைத் தேதி

சண்டைக்கு மூலம் வேலை. அதைத் தொடாமல் மற்றதெல்லாம் வீண். கலிபோர்னியாவில் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் மாநில இயலாமைக் காப்பீட்டிலிருந்து, சுகப்பிரசவத்துக்கு வழக்கமாகப் பேறுகாலத்துக்கு முன் நான்கு வாரமும் பின் ஆறு வாரமும் பணம் வரும். அதற்குப் பிறகு குடும்ப விடுப்பு உதவித்தொகை எட்டு வாரம். குடியேற்ற நிலை இதற்குத் தடை இல்லை. இவர் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறார், ஒன்றுக்கும் விண்ணப்பிக்கவில்லை. இயலாமை தொடங்கி 49 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரித் தொடக்கத்தில் வேலையை விட்டவருக்கு ஒரு வாரம் சொச்சம்தான் மிச்சம் இருந்தது. அன்றே எங்கள் கணினியில் விண்ணப்பம் போனது.

உதவித்தொகை வருமானத்தைத் தரும். வேலையைக் காப்பது வேறு சட்டம். இவர் விஷயத்தில் ஜூன் மாதம் பீச் பழம் குவியும் நேரம், கூடத்துக்கு ஆள் தேவை, ஆகவே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் வாரம் பதினான்காம் வாரமானது.

தொடர்ந்தவை

பதினான்காம் நாள் 3,270 கிராம். இருபத்தோராம் நாள் 3,490, பிறந்த எடையைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் வாரத்தில் கூடுதல் புட்டி ஒரு வேளைக்குக் குறைந்தது. அதை நிறுத்த மாமியார் ஒப்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் மாத முடிவில் 4,750 கிராம்.

வேலைக்குத் திரும்பியதும் எல்லாம் கடினமானது. பால் பீய்ச்ச நேரமும், கழிப்பறை அல்லாத தனியிடமும் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2022 இறுதியில் வந்த மத்தியச் சட்டமும் விவசாயத் தொழிலாளர் உட்பட இன்னும் பலருக்கு இந்த உரிமையை நீட்டித்தது. தோட்டங்களில் குளிர்வசதி உள்ள டிரக்கின் ஓட்டுநர் அறையைக் கொடுத்தாலும் போதும் என்று 2020 முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டம் சொல்கிறது. எங்கள் கடிதத்துக்குப் பிறகு, காலி அட்டைப்பெட்டி வைக்கும் அறையைத் தாழ்ப்பாளுடன் கொடுத்தார்கள். பத்து நிமிட இடைவேளையில் அங்கே நடந்து போய், பழத்தில் ஒட்டிய மருந்து போகக் கை கழுவி, சட்டை மாற்றி, பீய்ச்சி, கருவியைக் கழுவித் திரும்ப முடியாது. அதிக நேரம் கேட்கச் சட்டம் இடம் தந்தது. ஆனால் அவர் போனால் பெல்ட்டில் வரும் பழத்தைப் பக்கத்தில் நிற்பவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பெண் ஒருநாள் பெருமூச்சு விட்டதே போதுமானதாக இருந்தது. இடைவேளை வேளையை இவர் கைவிட்டுவிட்டார். மதிய உணவு நேரத்தில் மட்டும் ஒருமுறை பீய்ச்சி, பனிக்கட்டிப் பைகள் வைத்த குளிர்பெட்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

ஐந்தாம் மாதத்தில் காலை, மாலை, இரவு தாய்ப்பால். பகலில் பீய்ச்சிய பால் ஒரு புட்டி, மற்றவை மாவுப்பால். அதைப் பகலில் கொடுத்தவர் மாமியார், சரியான கரண்டிக் கணக்கில். குழந்தைக்கு ஒருமுறை காதில் சீழ் வந்தது தவிர வேறு நோய் இல்லை. பத்தாம் மாதம், ஆரஞ்சுப் பருவத்தின் நடுவில், தாயே நிறுத்தினார். சோர்ந்துவிட்டது, போதும் என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது நடக்கவில்லை. இரண்டு ஆண்டும் இல்லை. எங்கள் அறிக்கையின் கட்டங்களில் இது “பகுதி” என்ற ஒரே சொல்லாகப் பதிவானது. பதினோராம் நாளில் நின்றுபோகவிருந்த ஒன்றுக்கு அந்தச் சொல் போதாது என்பது என் எண்ணம்.

நடைமுறையில் மாற்றியவை

கர்ப்பகாலப் பதிவிலேயே வேலைக்குத் திரும்பும் தேதியைக் கேட்கிறோம். உதவித்தொகை விண்ணப்பத் தாளை அப்போதே கொடுத்துவிடுகிறோம். “இரண்டும்” என்று சொல்பவரிடம் எப்போதிலிருந்து, எதற்காக என்ற இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன. வேலைக்காக என்றால், முதல் மூன்று நான்கு வாரம் மார்பு மட்டும், பிறகு புட்டி என்ற வரிசையைப் பிரசவத்துக்கு முன்பே பேசிவைக்க முடிகிறது. பலர் இதற்கு உடனே ஒப்புக்கொள்கிறார்கள், புட்டி பறிபோகாது என்பதால்.

கடைசி கர்ப்பகாலச் சந்திப்புக்கு, வீட்டில் இரவில் குழந்தையைத் தூக்கப் போகிறவர் யாரோ அவரையும் அழைக்கிறோம். சீம்பாலின் அளவை மருந்து அளக்கும் சிறு கோப்பையில் ஊற்றிக் காட்டுகிறோம். பிரசவமான ஐந்தாம் நாளுக்குள் எடை பார்க்கிறோம். பதினோராம் நாள் வரை விடுவதில்லை. அந்த முதல் சந்திப்பில், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், பால் மாவை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று செய்து காட்டச் சொல்கிறோம். இதுவரை அரைக்கணக்கில் கலக்கிய வேறு குடும்பங்களையும் அப்படிக் கண்டுபிடித்திருக்கிறோம்.

மாறாதது பேக்கிங் கூடம். அடுத்த கோடையில் அதே கூடத்திலிருந்து வந்த வேறொரு தாய், அந்த அறையில் மறுபடி அட்டைப்பெட்டி நிரம்பிவிட்டது என்றார். நாத்தனார் மூன்றாவது குழந்தைக்கும் புட்டிதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வேலைத் தேதியையும் கூடவே சொன்னார்.